சௌசௌவும் ஒரு டவுட்டும்

டவுட்டு என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். தெரியாத மாதிரி நடித்தீர்கள்.

நீங்கள் பிறந்த ஊருக்கும் எங்கள் ஊருக்கும் நடுவில் ஒரே பஸ். இறங்கி மாறக்கூட வேண்டாம். நீங்கள் படித்த காலேஜில் கையைத் தூக்கி, "சார், ஒரு டவுட்டு" என்று நீங்களும் கேட்டிருப்பீர்கள். அப்படிக் கேட்காமல் இங்கே யாரும் பட்டம் வாங்கியதில்லை. நம் பக்கத்தில் டவுட்டு என்றால் கேள்வி. எனக்குப் புரியவில்லை, கொஞ்சம் சொல்லுங்கள் என்று அர்த்தம். உன் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை என்று அர்த்தம் கிடையாது. வெளிநாட்டுக்குப் போய் செட்டிலானதில் அது மறந்துபோனது என்று நீங்கள் சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு முதலிலிருந்து சொல்கிறேன். யார் பெயரையும் இங்கே எழுதப் போவதில்லை. என்னிடம் கற்றுக்கொள்ள வந்த ஒருத்தியின் பெயர் எழுதப்பட வேண்டிய இடம் வேறு. அது உங்கள் கையில் இருக்கிறது.

நான் சென்னையில் ஒரு கம்பெனியில் நிரல் எழுதிக்கொண்டிருந்தேன். மேலதிகாரியோடு சண்டை போட்டுவிட்டு ஊருக்கு வந்தவள். வேங்கிக்கால் பக்கம் வீடு, வீட்டிலிருந்தே வேலை. ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் டவுனுக்குள் வந்து, ஓபன் சோர்ஸுக்குப் புதிதாக வருகிறவர்களோடு உட்காருகிறேன். ஓபன் சோர்ஸ் என்றால் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. மென்பொருளின் நிரல் எல்லோர் கண்ணுக்கும் திறந்து கிடக்கும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். தப்பு கண்டால் திருத்தி அனுப்பலாம். பொறுப்பாளர் பார்த்து, சரியென்றால் சேர்த்துக்கொள்வார். சேர்த்த திருத்தத்தின் பக்கத்தில் எழுதினவர் பெயர் நிற்கும். எவ்வளவு காலமானாலும் நிற்கும்.

நாங்கள் கூடுவது ஒரு பெட்டிக்கடை மாடியில். பீடியும் வாழைப்பழமும் விற்கிற பெட்டிக்கடை இல்லை, நிஜமாகவே பெட்டி விற்கிற கடை. சூட்கேஸ், ஸ்கூல் பை, டிராவல் பை. கடைக்காரர் பாய். அவர் குடும்பம் அந்தத் தெருவில் ரொம்ப காலமாக வியாபாரம் பண்ணுகிறது. மாடி குடோனில் இடம் கொடுத்தவர், ஒரு நாள் நாங்கள் என்ன பண்ணுகிறோம் என்று பார்க்க மேலே வந்தார். சூட்கேஸ் மேல் உட்கார்ந்தார். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் அவர் தவறவில்லை.

"கணக்குப் பாடம்னா ஓடியிருப்பேன். இது சண்டை மாதிரி நல்லா இருக்குதுக்கா" என்றார்.

சண்டைதான். எனக்கு இனிமையாகப் பேச வராது. புதிதாக வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன்: நான் திட்டுவேன், ஆனால் உங்கள் கீபோர்டைத் தொட மாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிற நிறைய பேருக்குக் கை சும்மா இருக்காது. "தள்ளும்மா" என்று சொல்லி அவர்களே அடித்து முடித்துவிடுவார்கள். வந்தவர் வேடிக்கை பார்த்துவிட்டுப் போவார். அதனால் நான் கையில் வேகவைத்த மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, வைத்துக்கொண்டுதான் உட்காருவேன். தோலை உரித்த ஈரக் கையால் அடுத்தவர் லேப்டாப்பைத் தொட முடியாது. எனக்கு நானே போட்டுக்கொண்ட விலங்கு அது. "அக்கா மல்லாட்டைய கீழ வெச்சிட்டா யாரோ தொலைஞ்சாங்கனு அர்த்தம்" என்று மாடியில் ஒரு பேச்சு உண்டு.

இன்னொரு விதியும் உண்டு. கேள்வியைப் பொறுப்பாளருக்குத் தனியாக அனுப்பக் கூடாது. எல்லோரும் பார்க்கிற இடத்தில்தான் கேட்க வேண்டும். அங்கே கேட்டால்தான் பதில் அடுத்து வருகிறவருக்கும் உதவும். அசட்டுக் கேள்வியாக இருந்தாலும் பரவாயில்லை. இது நான் கண்டுபிடித்தது இல்லை. ஓபன் சோர்ஸின் அடிப்படையே இதுதான். நீங்கள் பொறுப்பாளராக இருக்கிற மென்பொருளின் முதல் பக்கத்தில் நீங்களே எழுதி வைத்திருக்கிறீர்கள்.

அவள் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்தாள். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள். கல்யாணம், பிள்ளைகள், நடுவில் வேலைக்குப் போகாத வருடங்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் மறுபடி வேலை தேடினாள். ஒரு கம்பெனியில் போனில் பேசியிருக்கிறார்கள். எல்லாம் நன்றாகப் போய், கடைசியில், "நீங்கள் செய்ததை எங்கே பார்க்கலாம்?" என்று கேட்டிருக்கிறார்கள். காட்ட அவளிடம் ஒன்றும் இல்லை. அதற்குத்தான் எங்கள் மாடி ஏறினாள்.

"ஒரே ஒரு திருத்தம் போதும்க்கா. பொது எடத்துல, என் பேர்ல. லிங்க்க அனுப்பி இந்தா பாருங்கனு சொல்றதுக்கு."

"ஒண்ணு போதும்னு வர்றவங்க எல்லாம் ஒண்ணோட நிக்க மாட்டாங்க. உக்காரு" என்றேன்.

உங்கள் மென்பொருளை எடுத்துக் கொடுத்தது நான்தான். தமிழ் நாட்காட்டி. இலவசம். அதை எடுத்துப் பல பேர் தங்கள் போன் செயலிகளிலும் இணையதளங்களிலும் போட்டிருக்கிறார்கள். நல்ல மென்பொருள். இப்போதும் சொல்கிறேன், நல்ல மென்பொருள். முதல் சில வாரம் அதைப் படிக்கச் சொன்னேன். படித்தாள். பஸ்ஸில் வரும்போதும் படித்தாள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாடிக்கு ரொம்ப லேட்டாக வந்தாள். முகமெல்லாம் வேர்வை. ஒரு கையில் லேப்டாப் பை, இன்னொரு கையில் காய்கறிப் பை. பையைத் தூக்கி டேபிள் மேல் போட்டாள். உள்ளே இருந்து ஒரு சௌசௌ உருண்டு பாயின் காலடியில் போய் நின்றது.

"பஸ்ஸ ஊருக்கு வெளியவே நிறுத்திட்டான்க்கா. அங்க இருந்து நடந்து வரேன். ஊரே நடக்குது. கூட்டத்துல எவனோ என் செருப்ப மிதிச்சி வாரு அறுந்துபோச்சு."

"பௌர்ணமி அன்னிக்கு பஸ்ஸ எங்க உள்ள விடுவான்?" என்றேன்.

"பௌர்ணமினு எனக்குத் தெரியலக்கா."

மாடி முழுவதும் சிரித்தது. "எம்மா, திருவண்ணாமலை ஜில்லால இருந்துகினு பௌர்ணமி தெரியலன்னு சொன்ன மொத ஆள் நீதான். நான் பாய், எனக்கே தெரியும்" என்றார் பாய்.

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் பாக்காம ஒண்ணும் வரல. நேத்தே இந்தக் காலண்டர்ல பௌர்ணமினு போட்டுத் தேடுனேன். அப்படி எதுவும் இல்லன்னுச்சு."

"என்னுதுல காட்டுச்சே. அதே காலண்டர்தான். பௌர்ணமி அன்னிக்கு லோடு வண்டி தெருவுக்குள்ள வராதுன்னு சரக்க நேத்தே எறக்கிட்டேன்."

"இல்லண்ணா. இல்லன்னுதான் காட்டுச்சு."

"இந்தா, பாரு."

பாய் தன் போனில் தேடினார். இந்த மாதம், அடுத்த மாதம், வருடம் முழுக்கப் பௌர்ணமி வரிசையாக வந்து நின்றது. அவள் லேப்டாப்பில் அதே மென்பொருளைத் திறந்து அதே சொல்லை அடித்தாள். ஒன்றும் வரவில்லை. போனையும் லேப்டாப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். ரெண்டு திரையிலும் ஒரே சொல். எழுத்துக்கு எழுத்து ஒன்று. ஒன்றில் இருக்கிறது, இன்னொன்றில் இல்லை.

இந்த வேலையில் இருபது வருடம் ஊறின பிறகும் இந்தக் கணத்துக்கு எனக்கு அலுப்பு வந்ததில்லை. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிகிற ரெண்டு விஷயம், கம்ப்யூட்டருக்கு வேறுவேறாக இருக்கிறது. என்ன காரணம் என்று எனக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. நாக்கு நுனிவரைக்கும் வந்தது. வாயில் மல்லாட்டையைப் போட்டு மென்றேன்.

"சொல்லுங்கக்கா" என்றாள்.

"சொல்ல மாட்டேன்."

"ஒரு க்ளூ குடுங்க."

"அடிச்சத அழி. ஒண்ணொண்ணா அழி. பாய், நீங்களும் அழிங்க."

ரெண்டு பேரும் சொல்லின் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வந்தார்கள். மாடியில் இருந்த மற்றவர்களும் எழுந்து வந்து பின்னால் நின்றார்கள். முதல் எழுத்துவரைக்கும் வந்தாயிற்று. ரெண்டு திரையிலும் 'பௌ' மட்டும் நிற்கிறது. இன்னும் ஒரு தடவை அழித்தார்கள்.

பாய் போனில் 'ப' நின்றது. அவள் லேப்டாப்பில் 'பெ' நின்றது.

அவள் மறுபடி அடித்து, மறுபடி அழித்தாள். மறுபடி 'பெ'.

"அக்கா" என்றாள். குரல் மாறியிருந்தது. "என்னோட ள, நெஜமான ள."

"அப்ப பாயோடது?"

"அது ள இல்ல. ள மாதிரி வேஷம் போட்டுக்கினு இருக்குது."

அவ்வளவுதான் விஷயம். பள்ளிக்கூடத்தில் நமக்கெல்லாம் எப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள்? ஒரு கொம்பு போடு, எழுத்தைப் போடு, பக்கத்தில் ள போடு, அதுதான் கௌ. கையால் எழுதும்போது அதில் தப்பே கிடையாது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டிலும் அப்படித்தான். மெஷினில் அந்தக் குறிக்குத் தனிச் சாவி இல்லை, ள-வைத்தான் தட்ட வேண்டும். அவள் தமிழ் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் பண்ணினவள். விரல் தானாக ள-வுக்குப் போகிறது. பாய் போனில் இங்கிலீஷ் எழுத்தைத் தட்டித் தமிழ் வரவழைக்கிறவர். போன் அவருக்குச் சரியான குறியைப் போட்டுக் கொடுத்துவிடுகிறது. கம்ப்யூட்டருக்கு அந்தக் குறி ஒன்று, ள என்ற எழுத்து வேறொன்று. பார்க்கிற கண்ணுக்கு ரெண்டும் ஒன்றுதான். இன்ஸ்டிட்யூட்டில் பழகிய ஒவ்வொருவரும் இப்படித்தான் அடிப்பார்கள். அவர்கள் யாருக்கும் உங்கள் நாட்காட்டியில் பௌர்ணமியே கிடையாது. கிரிவலம் போகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு இதைக் கண்டுபிடித்தால் எப்படி இருக்கும்? எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது.

"நிரல்ல தேடு" என்றேன்.

தேடினாள். நீங்கள் எழுதிய பகுதி கிடைத்தது. 'கொ' என்பதை யாராவது கொம்பு தனியாக, கால் தனியாக அடித்தாலும் சேர்த்து ஒன்றாக்கிக்கொள்கிற வரி இருந்தது. அழகான வரி. 'கோ'வுக்கும் இருந்தது. 'கௌ'வுக்கு, ள போட்டு அடித்தால் சேர்க்கிற வரி இல்லை.

அவளே எழுத ஆரம்பித்தாள். கொம்பும் ள-வும் சேர்ந்து எங்கே வந்தாலும் கௌ-வின் குறியாக மாற்று. எழுதி, ஓட்டி, 'பௌர்ணமி' என்று தன் விரல் பழகியபடி அடித்தாள். வரிசையாக வந்து கொட்டியது. பாய் கை தட்டினார். நான் தட்டவில்லை. காத்திருந்தேன்.

"இந்த மாசத்த முழுசா காட்டு" என்றேன்.

காட்டினாள். வியாழக்கிழமை இருந்தது. சனிக்கிழமை இருந்தது. நடுவில் இருந்த கிழமை கோணல்மாணலாக, ஒரு புள்ளி அந்தரத்தில் தொங்க, என்னவோ மாதிரி நின்றது.

"அய்யய்யோ. வெள்ளிக்கிழமை செத்துப்போச்சுக்கா."

"ஏம்மா, வேற எந்தக் கெழமைய வேணா கொல்லு. வெள்ளிக்கிழமைய மட்டும் தொடாத. எனக்கு ஜும்மா இருக்குது" என்றார் பாய்.

சிரித்துச் சிரித்து ஒருத்தருக்குப் புரையேறிவிட்டது. அவள் சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பௌர்ணமியில் அவள் தட்டுகிற ள, குறியின் வேஷம் போட்டது; வெள்ளி என்ற சொல்லில் இருக்கிறது நிஜமான ள. அதையும் இவள் நிரல் வேஷக்காரன் என்று பிடித்து மாற்றிவிட்டது. எது நிஜம், எது வேஷம் என்று கம்ப்யூட்டருக்கு எப்படிச் சொல்வது?

ஒரு பேப்பரை எடுத்தாள். ஒரு பக்கம் வெள்ளி, வெளி, தெளிவு என்று எழுதினாள். இன்னொரு பக்கம் பௌர்ணமி, மௌனம், கௌரவம். பின்னால் நின்றவர்கள் ஆளுக்கொரு சொல்லைக் கத்தினார்கள். பாய், "வௌவால்" என்றார். "என் குடோன்ல ஜாஸ்தி இருக்குது, அதையும் போடு." அவள் பேனாவைக் கடித்துக்கொண்டு ரெண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் மல்லாட்டைப் பொட்டலத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். விரல் துடித்தது. சொல்லவில்லை.

"நெஜ ள-வுக்குப் பின்னாடி எப்பவும் ஏதாவது ஒட்டிக்கினு இருக்குது" என்றாள் மெதுவாக. "வெள்ளில புள்ளி. வெளில, தெளிவுல கொக்கி. வேஷம் போட்ட ள-வுக்கு ஒண்ணும் இல்ல. மொட்டையா நிக்குது."

"அப்ப?"

"ள-வுக்குப் பின்னாடி பாக்கணும். ஏதாவது இருந்தா விட்டுடணும். மொட்டையா இருந்தா மாத்தணும்."

எழுதினாள். சின்ன வரிதான். வெள்ளிக்கிழமை உயிரோடு திரும்பி வந்தது. பௌர்ணமியும் இருந்தது. திருத்தம் சரியாக வேலை செய்கிறது என்று காட்ட, கூடவே சோதனைச் சொற்களும் அனுப்ப வேண்டும். பேப்பரில் இருந்ததை அதே வரிசையில் அடித்தாள். பௌர்ணமி, மௌனம், கௌரவம், வௌவால். கடைசியாக என்ன போடுவது என்று யோசித்தவள், டேபிள் மேல் இருந்த பையைப் பார்த்தாள். ஒரே சொல்லில் அந்தக் குறி ரெண்டு தடவை வந்தாலும், பின்னால் வேறு சொல் வந்தாலும் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் அல்லவா? "சௌசௌ அரை கிலோ" என்று அடித்தாள். வழியில் அவள் வாங்கி வந்தது அரை கிலோ.

ஓட்டினாள். தேறினால் பச்சை, தவறினால் சிவப்பு. எல்லாம் பச்சை.

அவள் கத்திய கத்தலில் கீழே கடையில் இருந்த ஆள் மாடிப்படி ஏறி வந்துவிட்டான், யாரோ விழுந்துவிட்டார்கள் என்று. பாய் அவனிடம், "ஒண்ணும் இல்லடா, வெள்ளிக்கிழமை பொழைச்சிக்கிச்சு" என்றார். அவன் எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டு இறங்கிப் போனான். அவள் அறுந்த செருப்போடு குடோனில் இங்கேயும் அங்கேயும் நடந்தாள். உட்கார முடியவில்லை. எனக்கும் முடியவில்லை. தெருவில் ஜனங்கள் மலையைச் சுற்றப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்கள் பையில் இருக்கிற போனுக்கெல்லாம் இந்த வரி போகப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன். இந்தச் சந்தோஷத்துக்குத்தான் நான் ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தை விட்டுவிட்டு வருகிறேன். வேறு லாபம் ஒன்றும் இதில் கிடையாது.

அனுப்புவதற்கு முன்னால் அவளுக்கு ஒரு கேள்வி வந்தது. நல்ல கேள்வி. 'கொ'வுக்கு யோசித்த மனிதர் 'கௌ'வை எப்படி விட்டிருப்பார்? ஏதாவது காரணத்தோடு வேண்டுமென்றே விட்டிருந்தால்?

"கேளு. பொதுல கேளு" என்றேன்.

திருத்தத்தோடு சேர்த்து இங்கிலீஷில் எழுதினாள். சார், ஐ ஹேவ் எ டவுட். இந்த இடத்தில் நீங்கள் இதை வேண்டுமென்றே விட்டீர்களா, இல்லை விட்டுப்போனதா? 'சார்' வேண்டாம் என்றேன். எடுத்தாள். மனசு கேட்காமல் திரும்பப் போட்டாள். 'டவுட்' என்ற சொல்லை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு விட்டேன். நாளைக்கும் விடுவேன். படிக்கப் போகிறவர் நம் ஊர்க்காரர், அவருக்கு இது கூடவா புரியாது?

உங்கள் பதில் வந்தது. இங்கிலீஷில் எழுதியிருந்தீர்கள், தமிழில் சொல்கிறேன். இந்த நிரல் பல வருடமாக ஓடுகிறது, என் மேல் சந்தேகம் இருந்தால் அதை நிரூபியுங்கள், அடிப்படை தெரியாதவர்களுக்கு வகுப்பு எடுக்க இது இடம் இல்லை. அதோடு திருத்தத்தை மூடிவிட்டீர்கள். நிராகரிக்கப்பட்டது.

நிரூபணம் கீழேயே இருந்தது. சோதனைச் சொற்கள், எல்லாம் பச்சை. நீங்கள் ஓட்டிப் பார்க்கக்கூட வேண்டாம், கண்ணால் பார்த்தால் போதும்.

அவள் எனக்குப் போன் பண்ணினாள். "நான் தப்பா கேட்டுட்டேனாக்கா? மன்னிப்பு கேட்டு எழுதிடட்டுமா? இல்ல, அழிச்சிடட்டுமா?"

"அழிச்சேன்னா நான் உன்கிட்ட பேச மாட்டேன்" என்றேன். வேறு ஆறுதல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அன்றைக்குத்தான் மல்லாட்டையைக் கீழே வைத்தேன். கையைக் கழுவிவிட்டு, அதே இடத்தில் எழுதினேன். எங்கள் பக்கத்தில் டவுட்டு என்றால் கேள்வி, அது உங்களுக்கும் தெரியும், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். நாகரிகமாகத்தான் எழுதினேன், என் அளவுக்கு. நீங்கள் அந்தப் பக்கத்தையே பூட்டிவிட்டீர்கள். இனி அங்கே உங்களைத் தவிர யாரும் எழுத முடியாது.

சரி, போகட்டும் என்று விட்டிருப்பேன். திட்டு வாங்காமல் யாரும் ஓபன் சோர்ஸில் வளர்ந்தது இல்லை. வேறு மென்பொருள் எடுக்கலாம் என்று அவளிடம் சொன்னேன். எடுத்தாள். ஒரு தமிழ் அகராதி. அதிலும் அதே ள இருக்கிறதா என்று முதல் நாளே தேட ஆரம்பித்துவிட்டாள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாய் படியேறும்போதே கத்திக்கொண்டு வந்தார்.

"அக்கா, வருதுக்கா. காலண்டர் அப்டேட் ஆச்சு. கொம்பு தனியா, ள தனியா அடிச்சாலும் பௌர்ணமி வருது."

எல்லோரும் போனை எடுத்தோம். புதுப் பதிப்பு. அடித்துப் பார்த்தோம். வந்தது. எல்லோர் போனிலும் வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். வாயைப் பொத்திக்கொண்டாள். "என்னுதுக்கா. என்னோட வரி" என்றாள். நீங்கள் மனசு மாறி அவளுடைய திருத்தத்தைச் சேர்த்துவிட்டீர்கள் என்றே நினைத்தோம். பாய் கீழே ஆள் அனுப்பி டீயும் போண்டாவும் வரவழைத்தார். உங்களைப் பாராட்டிக்கூட ஒரு வார்த்தை சொன்னேன். என் வாயால்.

டீ வருவதற்குள் அவள் லேப்டாப்பில் அந்த மாற்றத்தைத் திறந்தாள். லிங்க்கை எடுத்துக் கம்பெனிக்கு அனுப்பத்தான். எழுதியவர் என்ற இடத்தில் உங்கள் பெயர் இருந்தது. அவள் பெயர் எங்கேயும் இல்லை. நன்றி என்று ஒரு மூலையில்கூட இல்லை.

நீங்கள் தனியாகவே யோசித்து எழுதியிருக்கலாம் என்று ஒரு நிமிஷம் நானே உங்களுக்காக வாதாடினேன். வரியைக் கொஞ்சம் மாற்றி எழுதியிருந்தீர்கள். அப்புறம் கீழே சோதனைச் சொற்களைப் பார்த்தோம். பௌர்ணமி. மௌனம். கௌரவம். வௌவால். சௌசௌ அரை கிலோ.

பாய்தான் முதலில் பேசினார். "அந்த ஊர்லயும் அரை கிலோதான் வாங்குனாராக்கா?"

யாரும் சிரிக்கவில்லை.

அவள் கம்பெனிக்கு உண்மையை எழுதினாள். மூடின பக்கத்தின் லிங்க்கையும் அனுப்பினாள். அங்கிருந்து பேசினார்கள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். உங்கள் திருத்தம் நிராகரிக்கப்பட்டது என்று இருக்கிறது, உள்ளே இருக்கிற மாற்றத்தில் வேறு ஒருவர் பெயர் இருக்கிறது, எதை நாங்கள் எடுத்துக்கொள்வது? இதைத் தெளிவு பண்ணிவிட்டுப் பேசுங்கள், அதுவரை அந்த இடத்தை வைத்திருக்கிறோம். அதாவது, ஊரறிந்த ஒருவரின் வேலையைத் தன் வேலை என்று சொல்லிக்கொள்கிறாளோ என்று அவர்களுக்கு ஒரு நினைப்பு. அவர்கள் மேல் தப்பு இல்லை. ஏட்டில் இருப்பதை அவர்கள் படிக்கிறார்கள். ஏட்டை எழுதினது நீங்கள்.

ஓபன் சோர்ஸ்தானே, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாமே என்று நீங்கள் சொல்வீர்கள். எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குத்தான் எழுதினாள். நிரல் எல்லோருக்கும் சொந்தம். பெயர் மட்டும் எழுதினவருக்குச் சொந்தம். இந்த உலகத்தில் எங்களுக்கு யாரும் சம்பளம் தருவதில்லை, கிடைப்பது அந்த ஒரு பெயர்தான். அதையும் எடுத்துக்கொண்டால் இங்கே புதிதாக யார் வருவார்கள்? எந்த முகத்தை வைத்துக்கொண்டு நான் அடுத்தவரை, "பொதுல கேளு, பயப்படாத" என்று சொல்வேன்?

போன ஞாயிற்றுக்கிழமைகூடப் புதிதாக ரெண்டு பேர் வந்தார்கள். மாடியில் இடம் போதாமல் பாய் சூட்கேஸ்களை அடுக்கி ஓரம் தள்ளினார். அவர்களுக்கு அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். ஒவ்வொரு எழுத்தாக அழித்துக் காட்டி, "பாத்தியா, இது வேஷம்" என்றாள். அகராதியிலும் அதே ள-வைப் பிடித்துவிட்டாள், அடுத்த திருத்தம் தயாராகிக்கொண்டிருக்கிறது. வந்தவர்கள் கண் விரிந்ததைப் பார்க்க வேண்டுமே. என் பொட்டலத்திலிருந்து ஒரு பிடி மல்லாட்டையை எடுத்து அவள் கையில் வைத்தேன். அவளுக்கும் விரல் துடிக்க ஆரம்பித்திருந்தது. ஆனால் அவள் எதை எழுதினாலும், எங்கே காட்டினாலும், உங்கள் பக்கத்தில் அவளைப் பற்றி இருக்கிற அந்த ஒரு வார்த்தை, நிராகரிக்கப்பட்டது, கூடவே நிற்கும்.

அதனால் இதைப் பொதுவில் எழுதுகிறேன். எனக்குத் தனியாக மெயில் போடாதீர்கள், படிக்க மாட்டேன். நம் ஊர்க்காரர்கள் யாரையாவது பிடித்துச் சமாதானம் பேசவும் வேண்டாம். நீங்கள் பூட்டிய பக்கத்தை நீங்களே திறங்கள். அவள் கேட்டாளே, வேண்டுமென்றே விட்டீர்களா, விட்டுப்போனதா என்று, அந்தக் கேள்வி அங்கேயே கிடக்கிறது, அதற்கு அங்கேயே பதில் எழுதுங்கள். எழுதியவர் பெயரை மாற்றுங்கள்.

மாற்ற முடியாது, அது என் சொந்த வேலைதான் என்றால், அதையும் அங்கேயே எழுதுங்கள், எல்லோரும் பார்க்கட்டும். அப்படியானால் எனக்கும் ஒரு டவுட்டு இருக்கிறது. இந்தத் தடவை எந்த அர்த்தத்தில் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த அரை கிலோ சௌசௌவை யார் வாங்கி வந்தது? பதில் சொல்லுங்கள்.